மாத்திரி சொன்ன காரணம்

(கொள்ளுப்பிட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



இதிகாசப் பெண்களின் கடமைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஒப்புக்கொண்ட பிறகுதான் பயம் பிடித்தது. இந்த விஷயத்தைப் பேச எழுந்தவர்கள் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு மாலை போட்டு, இன்னொருத்தியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் அமர்வார்கள். பட்டிமண்டபத்திலும் வழக்காடு மன்றத்திலும் ஊறிய சமூகம் நாங்கள். கற்பிற் சிறந்தவள் சீதையா, பாஞ்சாலியா? கைகேயி குற்றவாளியா, இல்லையா? நடுவர் மணியடிப்பார், தீர்ப்பு வரும், வீட்டுக்குப் போவோம். நானும் அவற்றில் முன்வரிசையில் இருந்து கைதட்டியவள்தான். இன்று தீர்ப்பு எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். அந்தக் கேள்வியும் என்னுடையதல்ல, எங்கள் தொடர்மாடியில் குடியிருக்கும் ஒரு மாமியுடையது.

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு லிஃப்ட் என்பது ஒரு சின்ன ஊர்ச் சந்தி. மூன்றாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் இடையில் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் காதில் விழுந்துவிடும். ஒரு நாள் காலை மாமி கேட்டார்: "மகளுக்கு இது ரெண்டாவது பிள்ளைப்பேறு. முதல் பிள்ளைக்குக் கனடாவுக்குப் போய் ஆறு மாசம் நிண்டனான். இந்தமுறை இவரை ஆரிட்ட விட்டிட்டுப் போறது? கிழமைக்கு ரெண்டு தரம் டயாலிசிஸ். நீ பாரதம் படிச்ச பிள்ளையெல்லோ, அதில என்ன செய்யச் சொல்லிக் கிடக்கு?"

லிஃப்ட் நின்றுவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அன்று இரவு ஆதிபர்வத்தை எடுத்தேன். மாமியின் கேள்வி அப்படியே, அதைவிடக் கொடுமையாக, அங்கே இருந்தது.

காட்டில் பாண்டு இறந்து கிடக்கிறான். மனைவியைக் கூடினால் சாவு என்று கிந்தம முனிவர் இட்ட சாபம் அவனுக்கு இருக்கிறது. வசந்த காலத்தில், மாத்திரியுடன் தனித்திருந்த வேளையில், அவள் தடுத்தும் கேளாமல் அவளை அணைத்து உயிரை விட்டான். குந்தி ஓடி வருகிறாள். முதலில் கோபம் வருகிறது. கோபத்தோடு பொறாமையும் கலந்து வருகிறது. அவனுடைய முகம் மகிழ்ச்சியில் மலர்ந்ததைக் கண்டவள் நீ, கொடுத்து வைத்தவள் என்று மாத்திரியிடம் சொல்கிறாள். வியாசர் இதை மறைக்கவில்லை. பிறகு, மூத்த மனைவி நான், அவரோடு போவது என் உரிமை, நீ எழுந்து பிள்ளைகளைப் பார் என்கிறாள். ஐந்து பிள்ளைகள் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். மூன்று அவளுடையவை. கடைசி இரண்டும் மாத்திரியின் இரட்டையர்.

இந்த இடத்தில் கதை சொல்பவர்கள் வழமையாக ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்: மாத்திரி கணவனோடு உடன்கட்டை ஏறினாள், பத்தினி. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன். ஆனால் மாத்திரி என்ன சொன்னாள் என்பதை வியாசர் எழுதி வைத்திருக்கிறார். அவள் இரண்டு காரணம் சொல்கிறாள். என்னை நாடி வந்துதான் அவர் இறந்தார், என் ஆசையும் அடங்கவில்லை என்பது முதலாவது. இரண்டாவதைக் கேளுங்கள். நான் உயிரோடு இருந்தால் உன் பிள்ளைகளை என் பிள்ளைகளைப் போல என்னால் பார்க்க முடியாது, அந்தப் பாவம் என்னைச் சேரும். உன்னால் என் பிள்ளைகளை உன் பிள்ளைகளாகப் பார்க்க முடியும் என்கிறாள்.

கற்பைப் பற்றிய பேச்சா இது? ஒரு தாய் தன்னைத் தானே அளந்து, தன் குறையை ஒப்புக்கொண்டு, பிள்ளைகளை யாரிடம் விட்டால் நல்லது என்று கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. சூதில் தோற்றுப் பிள்ளைகள் காட்டுக்குப் புறப்பட்ட நாளில், குந்தி திரௌபதியிடம் தனியாகச் சொல்லி அனுப்பியது சகாதேவனைப் பார்த்துக்கொள் என்பதுதான். அவன் மாத்திரியின் மகன். பின்னர் நச்சுப் பொய்கைக் கரையில் தம்பியர் நால்வரும் இறந்து கிடக்க, ஒருவனை மட்டும் எழுப்பித் தருவேன் என்று யட்சன் சொன்னபோது, தருமன் வீமனையும் கேட்கவில்லை, அருச்சுனனையும் கேட்கவில்லை. நகுலனைக் கேட்டான். குந்திக்கு நான் ஒருவன் இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒரு மகன் இருக்கட்டும் என்றான். சிதைக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் பிள்ளைகளின் காலத்திலும் செல்லுபடியாகிறது.

உடன்கட்டையை நான் புகழ்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தச் சிதையில் புகழ ஒன்றுமில்லை. நான் கவனித்தது வேறு. மனைவியின் கடமை ஒரு பக்கம் இழுக்கிறது, தாயின் கடமை மறுபக்கம் இழுக்கிறது. ஒருத்தியால் இரண்டையும் செய்ய முடியாது. அதனால் இரண்டு பெண்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தி மனைவியாகப் போகிறாள், மற்றவள் தாயாக இருக்கிறாள்.

இதைக் கண்ட பிறகு இதிகாசத்தில் எங்கு திரும்பினாலும் இந்தப் பங்கீடுதான் கண்ணில் பட்டது. திரௌபதியைப் பாருங்கள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். கணவன்மாருடன் காட்டுக்குப் போகிறாள், பிள்ளைகள் பாஞ்சாலத்துக்கும் பிறகு துவாரகைக்கும் போகிறார்கள். அருச்சுனனின் இன்னொரு மனைவி சுபத்திரை காட்டுக்குப் போகவில்லை. அபிமன்யுவோடு துவாரகையில் இருக்கிறாள். காட்டுக்குக் காண வந்த கண்ணன் திரௌபதியிடம், உன் பிள்ளைகளையும் சுபத்திரை பார்த்துக்கொள்கிறாள் என்று ஆறுதல் சொல்கிறான். பதின்மூன்று ஆண்டுகள்! திரௌபதி காட்டில் பட்ட துன்பங்களை நமக்குப் பாடம் பண்ணிச் சொன்னார்கள். அவள் பிள்ளைகளைப் பிரிந்திருந்த பதின்மூன்று ஆண்டுகளைப் பற்றி எந்தக் கதாப்பிரசங்கத்திலாவது ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பிள்ளைகளின் பெயராவது நமக்குத் தெரியுமா? பிரதிவிந்தியன், சுதசோமன், சுருதகர்மா, சதாநீகன், சுருதசேனன். போர் முடிந்த இரவில் அசுவத்தாமனால் வெட்டப்பட்டவர்கள் இவர்கள்.

இராமாயணத்தில் விஷயம் இன்னும் கூர்மையாக வருகிறது. வால்மீகியின் அயோத்தியா காண்டத்தில், மகன் காட்டுக்குப் போகிறான் என்று கேட்ட கோசலை சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை, வாதாடுகிறாள். தந்தை உனக்கு எப்படி வணக்கத்துக்குரியவரோ நானும் அப்படித்தான். நான் அனுமதி தரவில்லை, போகாதே என்கிறாள். சட்டப்படி வலுவான வாதம். தாய்க்கு ஆயிரம் தந்தையரிலும் மேலான இடத்தைத் தருகிற சாத்திரமும் இருக்கிறது. இராமன் என்ன பதில் சொன்னான்? தந்தை சொல்லைக் கேட்டவர்களுக்கு உதாரணம் காட்டுகிறான். அந்த உதாரணங்களில் ஒன்று பரசுராமன், தந்தை சொன்னதற்காகப் பெற்ற தாய் இரேணுகையின் தலையை வெட்டியவன். அழுதுகொண்டு நிற்கும் தாய்க்கு முன்னால் சொல்லக்கூடிய உதாரணமா அது? இராமபக்தர்கள் மன்னிக்க வேண்டும். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குப் புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றும்.

கோசலை விடவில்லை. கன்றின் பின்னால் பசு போவது போல நானும் வருகிறேன் என்கிறாள். இராமன் மறுக்கிறான். கணவன் உயிரோடு இருக்கும்போது அவனை விட்டுவிட்டு வருவது மனைவிக்குத் தகாது, அவருக்குப் பணிவிடை செய்து இங்கேயே இருங்கள் என்கிறான். சரி, நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அதே நாள், அதே அரண்மனை. சீதை வருகிறாள். கணவன் இருக்கும் இடம்தான் மனைவியின் இடம் என்று அவளும் அதே விதியைத்தான் எடுத்துக் காட்டுகிறாள். காட்டுக்குப் புறப்படுகிறாள். ஒரே விதி மாமியாரை வீட்டில் இருத்துகிறது, மருமகளைக் காட்டுக்கு அனுப்புகிறது. இந்த இரண்டு காட்சிகளையும் வால்மீகி அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

கம்பனின் கோசலை வேறு மாதிரி. மூத்தவனை விட்டு இளையவனுக்கு முடி சூட்டுவது முறையல்ல, அது ஒன்றுதான் குறை. மற்றபடி பரதன் உன்னிலும் நல்லவன் என்கிறாள். அவையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எனக்கோ வாதாடுகிற கோசலையைத்தான் பிடிக்கும்.

கைகேயியைப் பற்றி நீட்டப் போவதில்லை, அவளுக்கு வழக்குரைஞர்கள் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறார்கள். ஒன்று மட்டும். மனைவி, தாய் என்ற இரண்டில் தாயைத் தேர்ந்தெடுத்த அரசி அவள். கணவன் இவள் என் மனைவியல்ல என்று கைவிட்டான். யாருக்காகச் செய்தாளோ அந்த மகனும் அவளைத் தாயென்று ஏற்க மறுத்தான்.

தாரையின் கதை கிட்கிந்தையில். வாலியின் உடலுக்கு முன்னால் அவள் அழுகிறாள். மகன் அங்கதன் இருக்கிறானே, அவனுக்காக மனத்தைத் தேற்றிக்கொள் என்று அனுமன் சொல்கிறான். வால்மீகியின் தாரை, அங்கதனைப் போல நூறு பிள்ளைகள் ஒரு பக்கம் இருந்தாலும், இறந்து கிடக்கும் இந்த வீரனின் உடலைத் தழுவிக் கிடப்பதே எனக்கு மேல் என்று பதில் சொல்கிறாள். துக்கத்தில் வரும் பேச்சுத்தான். பெற்ற தாய் சொல்லத் தயங்கும் ஒன்றையும் அந்தக் கவி அழிக்காமல் விட்டிருக்கிறார். பிறகு அதே தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள், அரசியல் நடத்துகிறாள், கோபித்து வந்த இலக்குவனைப் பேசித் தணிக்கிறாள். கம்பனுக்கு இது பிடிக்கவில்லை. கம்பனின் தாரை மங்கலநாண் இழந்த கைம்பெண்ணாகவே இலக்குவன் முன் வருகிறாள். அவளைக் கண்டதும் தன் தாய்மாரின் நினைவு வந்து இலக்குவன் கலங்குகிறான். அழகான காட்சி, மறுக்கவில்லை. அந்த அழகுக்காக ஒரு பெண்ணின் மறுவாழ்வைக் கம்பன் எடுத்துக்கொண்டான் என்பதும் உண்மை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாம் தமிழில் கேட்டு வளர்ந்த இரண்டு பெரிய நூல்களும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன. கம்பராமாயணம் முடிசூட்டோடு முடிகிறது. உத்தரகாண்டம் கம்பன் பாடியதல்ல. தமிழில் இருப்பதை ஒட்டக்கூத்தர் பெயரில் சொல்கிறார்கள். ஆகவே கம்பனில் சீதை தாயாவதே இல்லை. கருவுற்ற நிலையில் காட்டில் விடப்பட்டவள், இந்தக் கங்கையில் இப்போதே உயிரை விடுவேன், ஆனால் கணவனின் வம்சம் அறுந்துவிடும் என்று இலக்குவனிடம் சொல்லும் இடம் வால்மீகி பெயரிலுள்ள உத்தரகாண்டத்தில்தான் இருக்கிறது. வில்லிபுத்தூரார் பாரதமோ பத்துப் பருவங்களோடு, சௌப்திக பருவத்தில் நின்றுவிடுகிறது. அடுத்தது என்ன பருவம் தெரியுமா? ஸ்திரீ பர்வம். பெண்கள் போர்க்களத்துக்கு வந்து பிணங்களுக்கு நடுவே நின்று பேசும் பருவம். காந்தாரி கண்ணனைச் சபிப்பது அங்கேதான். பிற்காலத்தில் நல்லாப்பிள்ளை மிச்சத்தையும் பாடிச் சேர்த்தார். ஆனால் ஊர்களில் நிலைத்தது வில்லிதான். பெண்கள் கணக்குக் கேட்கும் பகுதிக்கு முன்னாலேயே நமது பாரதம் புத்தகத்தைக் கட்டிவைத்துவிடுகிறது.

காந்தாரி என்றதும் ஒன்று. கண் கட்டை அவிழ்த்துப் பார்த்து மகனின் உடலை இரும்பாக்கினாள், தொடையை மட்டும் விட்டுவிட்டாள் என்று தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வியாசர் மூலத்தில் அது இல்லை. மூலத்தில் இருப்பது, போருக்குப் போகும் மகன் நாள்தோறும் வந்து வாழ்த்துக் கேட்டபோது, அறம் எங்கோ அங்கே வெற்றி என்று மட்டும் சொன்ன தாய். கணவன் காணாத உலகத்தை நானும் காணமாட்டேன் என்று கண்ணைக் கட்டியவள், நூறு பிள்ளைகளின் முகத்தையும் காணவில்லை.

தமிழ் நூல்கள் விட்ட இடத்தை நம் ஊர்ச் சனங்கள் வேறு வழியில் நிரப்பினார்கள் என்று நினைக்கிறேன். புத்தளத்துக்குத் தெற்கே உடப்பிலும், கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பிலும் திரௌபதை அம்மன் கோயில் இருக்கிறது. வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவநிலை ஏறுவான், முடிவில் தீமிதிப்பு. காவியத்தில் ஐந்து பேரின் மனைவியாகவே பேசப்பட்டவள், பிள்ளைகள் ஐவரையும் ஒரே இரவில் இழந்தவள், அந்தத் தீக்குழிக்கு முன்னால் எல்லோருக்கும் தாய். நெருப்பில் இறங்குகிறவர்கள் அவளை அம்மா, தாயே என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணகிக்கும் இப்படித்தான். பிள்ளை பெறாத அவள் மட்டக்களப்பில் கண்ணகை அம்மன். சிங்கள மக்களிடம் அவள் பத்தினித் தெய்வம். பிள்ளைகளுக்கு நோய் வந்தால் பாலூட்டும் தாய்மாரை அழைத்து 'கிரி அம்மா' தானம் கொடுப்பதும் அந்தத் தெய்வத்தைச் சார்ந்த வழக்கம்.

பாகவதத்தில் ஒரு காட்சி இருக்கிறது. பிள்ளைகளைக் கொன்ற அசுவத்தாமனை அருச்சுனன் கட்டி இழுத்து வந்து திரௌபதியின் முன் நிறுத்துகிறான். பாரதத்தில் அவள் அவன் சாவைக் கேட்டுப் பட்டினி கிடக்கிறாள், கடைசியில் அவன் தலைமணியைப் பெற்று அமைகிறாள். பாகவதத்தில் அவள் அவிழ்த்துவிடுங்கள் என்கிறாள். ஏன்? இவனுடைய தாய் கிருபி இன்னும் உயிரோடு இருக்கிறாள். கணவன் துரோணரோடு அவள் சாகாமல் இருந்தது இந்த மகன் இருந்ததால்தான். நான் அழுவது போல அவளும் அழ வேண்டாம் என்கிறாள். மாத்திரி போனாள், கிருபி போகவில்லை. கிருபியின் முடிவுக்கு மதிப்புக் கொடுத்தது இன்னொரு தாய். அந்தக் கூடாரத்தில் இருந்த ஆண்களில் வீமன் கொல் என்றான். கிருபியை நினைத்தவள் திரௌபதி ஒருத்திதான்.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது முணுமுணுத்தால், 2013ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பும் தாய் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்க வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்று இந்த நாட்டு அரசாங்கம் சுற்றறிக்கை போட்டது. 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. பொருளாதாரம் விழுந்து டொலர் வேண்டியிருந்த ஆண்டு அது. பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானதுதான், நானும் அதைக் கேட்பேன். ஆனால் கட்டாருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன தகப்பன்மாரிடம் அப்படி ஓர் அறிக்கையை யாரும் கேட்டதில்லை. வத்தளையில் இருந்தும் அக்கரைப்பற்றில் இருந்தும் போன தாய்மாரின் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அம்மம்மாக்கள், சித்திகள். சுபத்திரைகள்.

கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் யுத்த காலத்தில் இருந்த தாய்மாரையும் நினைத்துக்கொள்கிறேன். மகனை எப்படியாவது பிளேன் ஏற்றிவிட வேண்டும் என்று வடக்கில் கணவனை விட்டுவிட்டு வந்து, மாதக்கணக்கில் ஒரு கட்டிலும் ஒரு சூட்கேசுமாகக் காத்திருந்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி காலையில் லொட்ஜ்களிலிருந்து தமிழர்களைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பிய நாளில் அவர்களில் சிலரும் இருந்தார்கள். அவர்களை யாரும் பாடவில்லை. அவர்கள் கைகேயி வழியில் தாயைத் தேர்ந்தவர்கள் என்று நான் சொன்னால் சபை கோபிக்கும். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்.

கடைசியாகக் குந்தி. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, திருதராட்டிரனும் காந்தாரியும் காட்டுக்குப் புறப்படுகிறார்கள். குருடனின் கை மனைவியின் தோளில், கண் கட்டியவளின் கை குந்தியின் தோளில். வழியனுப்ப வந்தவள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவள் திரும்பவில்லை. வீமன் வெடிக்கிறான்: இதுதான் உன் எண்ணமென்றால் எங்களைப் போருக்கு ஏன் தூண்டினாய்? குந்தி நிதானமாகப் பதில் சொல்கிறாள். நீங்கள் தாழ்ந்து கிடக்கக் கூடாது என்பதற்காகத் தூண்டினேன். கணவன் ஆண்ட காலத்தில் அரச போகத்தை அனுபவித்துவிட்டேன். பிள்ளைகள் வென்ற அரசு எனக்கு வேண்டாம். சகாதேவனைக் கைவிட்டுவிடாதே, கர்ணனை மறந்துவிடாதே என்று தருமனிடம் சொல்லிவிட்டு நடக்கிறாள். சிதையில் ஏறாமல் பிள்ளைகளுக்காகத் தங்கியவள் அவள். அந்த வேலை முடிந்தது என்று தானே தீர்மானித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் போகிறாள்.

மாமியின் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். அவர் கனடா போனார். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தங்கை வந்து நான்கு மாதம் அத்தானைப் பார்த்துக்கொண்டார், கிழமைக்கு இரண்டு தரம் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மகன் ஒருவர் இருக்கிறார், தெஹிவளையில்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோயிலிலோ மண்டபத்திலோ ஒருவர் பாரதக் கதை சொல்லி, மாத்திரி உடன்கட்டை ஏறினாள் என்று ஒரு வரியில் தாண்டிப் போனால், கை உயர்த்துங்கள். அதற்கு முன் அவள் குந்தியிடம் என்ன சொன்னாள் ஐயா, அதையும் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.